எனுரிக்கு முன்னால் ஒரு நட்சத்திரம்

என் அக்காவை அவள் வேலை செய்த இடத்தில் 'நட்சத்திரம்' என்று கூப்பிடுவார்கள். சினிமாவில் நடித்தவள் என்று நினைத்துவிடாதீர்கள். கேமராவைக் கண்டாலே வாயை இறுக்கி மூடிக்கொள்கிற ஜென்மம் அவள். முப்பத்தைந்து வருஷம் ஒரு மொழி ஆராய்ச்சி நிலையத்தில் தட்டச்சு செய்தாள், அட்டைகளை அடுக்கினாள், சில சொற்களுக்கு முன்னால் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி போட்டாள். அவ்வளவுதான் அவள் வாழ்க்கை என்று யாராவது சொன்னால் அவளுக்குக் கோபம் வராது. எனக்குத்தான் வரும்.

நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். என் காரில் எனக்கென்று தனியாக ஒரு பிரேக் உண்டு. பக்கத்தில் இருப்பவர் தப்பு செய்தால் அந்த நொடியிலேயே மிதித்து நிறுத்திவிடுவேன், கூடவே அவர் என்னிடம் நாலு வார்த்தையும் வாங்கிக்கட்டிக்கொள்வார். அதனால் முப்பத்துநாலு வருஷம் பழைய தப்பு ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

முதலில் நிலையத்தின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு தாய்மொழி, அதிலிருந்து பிரிந்துபோன ஐந்து மொழிகள். தாய் எப்போதோ செத்துப்போனாள், ஒரு வரிகூட எழுதி வைக்காமல். ஐந்து பிள்ளைகளின் மூக்கையும் முழியையும் பார்த்து அந்தத் தாயின் முகத்தை வரைய வேண்டும். இதற்கு நாற்பது பேருக்குச் சம்பளம். அக்கா அந்த மொழிகளைப் பெயர் சொல்லிப் பேச மாட்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு என்பாள். முதல் மூன்றும் பெரிய மொழிகள். ஐந்தாவது கல்வெட்டுகளில் மட்டும் இருக்கிறது. நாலாவதைக் கல்குவாரிக்கு அப்பால் ஏழு தெருக்களில் பேசுகிறார்கள்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் அட்டை. மேலே பொருள், அதன் கீழே ஐந்து மொழிக்கும் ஐந்து வரி, கடைசியில் தாய்ச்சொல். சொற்கள் மாறும், ஆனால் மனம்போன போக்கில் மாறாது என்பதுதான் இவர்கள் பிழைப்பின் அஸ்திவாரம். முதல் மொழியில் 'க' என்று தொடங்கும் சொல் இரண்டாவதில் 'ஹ' ஆகும், நாலாவதில் அந்த ஒலியே காணாமல் போகும். 'ல' இருந்த இடத்தில் நாலாவதில் 'ர' நிற்கும். ஒரு சொல்லில் இல்லை, நூறு சொல்லிலும் இப்படித்தான். இந்த ஒழுங்கு பிடிபட்டுவிட்டால் பின்னோக்கி நடந்து, யாரும் கேட்டிராத சொல்லைக்கூடச் சொல்லிவிடலாம். அப்படி ஊகித்துச் சொன்ன சொல்லுக்கு முன்னால் நட்சத்திரம் போட வேண்டும். காதால் கேட்ட சொல்லுக்கு, கல்லில் கண்ட சொல்லுக்கு நட்சத்திரம் கிடையாது.

"நட்சத்திரம் போட்டா வெக்கப்பட ஒண்ணும் இல்லடி. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்ற மரியாதை அது" என்பாள் அக்கா. இந்த மரியாதையை அவள் வீட்டிலும் விடவில்லை. "பால் வந்துடுச்சா?" என்று கேட்டால், "வந்திருக்கும், நான் பாக்கல" என்பாள். என் மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், "உங்க அக்காவுக்கு அஞ்சு மொழியிலயும் பேசாம இருக்கத் தெரியும்" என்று கிண்டல் செய்வார். அவரும் சிரிப்பார், அவளும் சிரிப்பாள், நான் மட்டும் பல்லைக் கடிப்பேன்.

பல் என்றதும் அந்தக் கதைக்கு வந்துவிட வேண்டும். எனக்கு இதைச் சொல்லப் பிடிக்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

அக்கா வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். நாலாம் மொழிக்காரர்களின் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புப் புத்தகம் போடலாம் என்று கல்வி அலுவலகத்தில் முடிவு செய்து, நிலையத்திடம் சொற்பட்டியல் கேட்டார்கள். அட்டைகளைப் பார்த்து அக்காதான் தட்டச்சு செய்தாள். அட்டைகளில் பாதிக்கும் மேலே அப்போதிருந்த பெரிய பேராசிரியரின் கையெழுத்து. 'தங்கை' அட்டையில் முதல் மொழிக்குக் கெனுலி, இரண்டாவதுக்கு ஹெனுலி, மூன்றாவதுக்குச் செனுல். நாலாவதுக்குச் சொல் கிடைக்கவில்லை. பெரிய பேராசிரியருக்குக் காலி இடம் என்றால் ஆகாது. ஒழுங்கின்படி எனுரி என்றுதான் இருக்க வேண்டும் என்று கணித்து, முன்னால் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதி வைத்திருந்தார். அதற்கு, 'போய்க் கேட்டுப் பார்க்கவும்' என்று அர்த்தம்.

தட்டச்சு இயந்திரத்தில் நட்சத்திரப் பொத்தான் உடைந்துபோயிருந்தது. அக்கா தாளை முழுக்க அடித்துவிட்டு, சாயங்காலம் சிவப்பு மையால் மூலத்திலும் நகலிலும் கையால் நட்சத்திரம் போடுவாள். அன்று சாயங்காலம் நான் வீங்கின கன்னத்தோடு நிலையத்தின் வாசலில் நின்று, "அக்கா, வர்றியா இல்லியா? பல் டாக்டர் கிளம்பிடுவாரு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். அவள் மைப்புட்டியை மூடிவிட்டு ஓடிவந்தாள். அடுத்த நாள் அவள் வருவதற்குள் கல்வி அலுவலகத்துக்காரர்கள் அந்தத் தாளைக் கட்டோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். 'நட்சத்திரம் உள்ளவற்றை அச்சிட வேண்டாம்' என்று கட்டின் மேல் ஒரு குறிப்பும் இருந்தது. அந்தத் தாளில்தான் நட்சத்திரமே இல்லையே. எல்லாத் தாளிலும் போட்டுவிட்டோம் என்றே அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். புத்தகத்தில் இரட்டைச் சடை போட்ட ஒரு சின்னப் பெண் படம் வந்தது, கீழே கொட்டை எழுத்தில் எனுரி.

பிறகு பல வருஷம் ஒன்றும் நடக்கவில்லை. பெரிய பேராசிரியர் காலமானார். என் கடைவாய்ப் பல்லும் ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தது.

அக்கா ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் முன்பு, அகராதியின் கடைசித் தொகுதி அச்சுக்குப் போகத் தயாரானது. புதிய இயக்குநர், காலி இடங்களையும் நட்சத்திரம் உள்ள இடங்களையும் சரிபார்க்க ஓர் ஆராய்ச்சியாளரைக் குவாரிக்கு அப்பால் அனுப்பினார். ரெக்கார்டர்காரர் என்று பெயர் அவருக்கு. ஒரு வாரம் கழித்து வந்து ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். தங்கையை எப்படிக் கூப்பிடுவீர்கள் என்று கேட்ட பதினோரு பேரும், சொல்லி வைத்த மாதிரி, எனுரி என்றார்கள்.

நிலையமே ஆடிப்போயிற்று. வெறும் விதியை வைத்துக்கொண்டு ஒரு சொல் இப்படித்தான் இருக்கும் என்று முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னால் கணித்தது, இன்றைக்கு உயிரோடு கிடைத்திருக்கிறது! இயக்குநர் எல்லாரையும் கூட்டி வைத்து, அட்டையிலிருந்த நட்சத்திரத்தைத் தன் கையாலேயே அழித்தார். கேக் வெட்டினார்கள். முன்னுரையின் முதல் பக்கத்திலேயே இது வர வேண்டும் என்றார். அக்காவும் கேக் சாப்பிட்டாள். ஆனால் ராத்திரி சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தாளாம். மாமா எனக்கு போன் செய்தார்.

நான் போய்க் கேட்டதற்கு, "நாலாம் மொழிக்காரங்க எந்தச் சொல்லையும் இவ்ளோ சுத்தமா வெச்சுக்க மாட்டாங்கடி" என்றாள். "எல்லாச் சொல்லுலயும் ஒரு மூலை தேஞ்சிருக்கும். இது மட்டும் நேத்து செஞ்ச மாதிரி இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டுமே" என்றேன். எனக்கு அப்போது விஷயம் புரியவில்லை.

மறுநாளிலிருந்து மூன்று நாள் நிலையத்தின் பின்னறையில் பழைய கட்டுகளைப் பிரித்துப் பார்த்தாள். மூன்றாம் நாள் அந்த நகல் தாள் அகப்பட்டது. நாற்பது சொல். நட்சத்திரம் போட வேண்டியது ஒன்றே ஒன்றுக்குத்தான். அது இல்லை. வாசிப்புப் புத்தகத்தையும் தேடி எடுத்துப் பார்த்தாள், இரட்டைச் சடைப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு பக்கத்து அட்டையான 'தம்பி'யை எடுத்தாள். நாலாவது வரியில் தோமு என்ற சொல், அதன் அருகே பெரிய பேராசிரியர் கையால் ஒரு கேள்விக்குறி. அவரே எப்போதோ சந்தேகப்பட்டிருக்கிறார், அப்புறம் விட்டுவிட்டிருக்கிறார்.

அக்கா தாளை எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். அங்கே நடந்ததை அவள் எனக்கு ஒப்பித்தது இப்படி:

"சார், இந்தச் சொல்லு அவங்ககிட்டேருந்து நமக்கு வரல. நம்மகிட்டேருந்து அவங்களுக்குப் போயிருக்கு. என்னோட தப்பு. நம்ம சொல்லையே நாம போய்க் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கோம்."

"ஒரு டைப்பிங் தப்பை வெச்சு ஒரு ஊரே பேசுதுன்னு சொல்றீங்களா?"

"ஸ்கூல் புத்தகம் சார். எல்லாப் பிள்ளைங்களும் அதைத்தான் படிச்சாங்க."

"அவங்களுக்கு அந்தச் சொல்லு முன்னாடியே இருந்திருக்கலாம் இல்லையா? இல்லைன்னு யாராவது சொன்னா கொண்டு வாங்கம்மா. பதினஞ்சாம் தேதி அச்சுக்குப் போகுது. வெறுங்கையோட வந்து முன்னுரையை மாத்துன்னா நான் எப்படி மாத்தறது?"

அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது என்றாள் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவருக்கு நியாயம் ஒரு கேடா? ஆனால் அக்காவுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. தன் கையால் நடந்த தப்பு, தான் வேலையில் இருக்கும்போதே, அந்தப் புத்தகத்திலிருந்து போய்விட வேண்டும். வாழ்நாளில் அவள் எதையும் எனக்கு வேண்டும் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் பயிற்சிக் காரை எடுத்தேன்.

இரண்டு மணி நேரப் பயணம். கூரை மேல் 'எல்' பலகை, அதனால் பின்னால் வந்த லாரிக்காரர்கள் எல்லாரும் என்னைக் கற்றுக்குட்டி என்று நினைத்து ஹாரன் அடித்தார்கள். அக்கா பயிற்சியாளர் இருக்கையில் உட்கார்ந்து, பயந்தபோதெல்லாம் அங்கிருந்த பிரேக்கை மிதித்தாள். வண்டி குலுங்கிக் குலுங்கி நின்றது. "காலை எடு அக்கா, உன்னோட நான் இன்னைக்கே போய்ச் சேர்ந்துடுவேன்!" என்று கத்தினேன். அன்றைக்கு ஒரு மிதியை மிதிக்காமல் விட்டுவிட்டாள், இன்றைக்கு எல்லாவற்றுக்கும் மிதிக்கிறாள் என்று தோன்றியது. சொல்லவில்லை.

முதல் தெருவிலேயே ஒரு தேநீர்க் கடை. பலகையைப் பார்த்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். 'எனுரி தேநீர்க் கடை.' உள்ளே நாற்பது வயதுக்காரி ஒருத்தி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். நாங்கள் உட்காரும்போதே பின்பக்கம் திரும்பி, "எனுரீ!" என்று ஒரு கத்தல், அதைத் தொடர்ந்து அவர்கள் மொழியில் ஏதோ. அக்காவுக்குப் புரிந்தது. பால் பொங்குகிறது, பார் என்று சொன்னாளாம். உள்ளேயிருந்து தங்கைக்காரி, எங்கள் வீட்டில் நான் போடுவது போலவே எரிச்சலாக ஒரு பதில் சத்தம் போட்டாள்.

அக்கா மெதுவாகக் கேட்டாள், அந்தச் சொல் எப்போதிலிருந்து இருக்கிறது என்று.

"எங்க பாட்டன் முப்பாட்டன் காலத்துச் சொல்லு" என்றாள் கடைக்காரி. "எங்க மொழியிலேயே எனக்குப் பிடிச்ச சொல்லு அதுதான். அதான் கடைக்கே வெச்சேன்."

ஐந்து தெரு நடந்தோம். எல்லாரும் எனுரி. நாற்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களைத் தேடினால், பாதிப் பேர் குவாரித் தூசியில் இருமி இருமிப் போய்ச் சேர்ந்திருந்தார்கள். கடைசியில் எழுபது வயது முடிதிருத்துகிறவர் ஒருவர் அகப்பட்டார். காலி நாற்காலியில் தானே உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"எங்க காலத்துல தோமுதான்மா. தம்பியும் தோமு, தங்கச்சியும் தோமு. நமக்குப் பின்னாடி பொறந்தது எதுவா இருந்தாலும் தோமு."

அக்காவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். சொல் தொலைந்துபோகவில்லை. தங்கைக்கென்று தனியாக ஒரு சொல் அவர்களுக்குத் தேவைப்பட்டதே இல்லை. காலி இடம் காலி இடமாகவே சரியாக இருந்திருக்கிறது.

பெரியவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "அப்புறம் என் பொண்ணு ஸ்கூலுக்குப் போனா. 'அப்பா, தங்கச்சின்னா தோமு இல்ல, எனுரி'ன்னு எனக்கே சொல்லிக் குடுத்தா. நாங்க படிக்காதவங்க. முன்னாடி இருந்திருக்கும், நாங்கதான் மறந்துட்டோம்னு நெனச்சேன். மறந்துதான் போயிருக்கும், இல்லம்மா?"

அக்காவால் ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்று சொல்லி அவர் மகளைப் பொய்க்காரியாக்கவும் மனசு வரவில்லை. ரெக்கார்டர் ஓடிக்கொண்டே இருந்தது.

திரும்பும் வழியில் அக்கா காசு கொடுக்க மறந்த தேநீருக்காகக் கடையில் நிறுத்தினோம். மனசு கேட்காமல் அக்கா கடைக்காரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். புத்தகம், சிவப்பு மை, தன் தப்பு. மன்னிப்பும் கேட்டாள். கடைக்காரி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"எங்கம்மா சாகறப்போ என் தங்கச்சி கையை என் கையில வெச்சு, எனுரியைப் பாத்துக்கோன்னு சொன்னா. அது எங்க சொல்லு இல்லியா? அதைச் சொல்ல நீங்க யாரு?"

அக்கா தேநீர்க் காசை மேசையில் வைத்துவிட்டுக் காருக்கு நடந்தாள்.

காரில் ஏறியதும் சொன்னேன், "அந்தப் பெரியவர் கடைசியில பேசினதை மட்டும் வெட்டிடு. முதல் பாதி போதும்."

"முழுசா பேசினதை முழுசாதான் குடுக்கணும்" என்றாள். முழுசாகவே கொடுத்தாள். இயக்குநர் கடைசி வரியை மூன்று முறை ஓட விட்டுக் கேட்டார். "அவரே மறந்துபோயிருக்கும்னு சொல்றாரேம்மா. அப்புறம் என்ன?" என்றார். அடிக்குறிப்பாவது போடலாம் என்று அக்கா கேட்டதற்கு, பக்கம் கட்டியாகிவிட்டது, இனி ஒரு வரிக்கும் இடமில்லை என்றார்கள். தன் வாக்குமூலத்தோடு தன் தோல்வியையும் தானே சுமந்து போய்க் கொடுத்துவிட்டு வந்த ஒரே ஆள் என் அக்காதான். நான் அவளிடம் இரண்டு நாள் பேசவில்லை.

பதினான்காம் தேதி என்னை நிலையத்துக்கு வரச் சொன்னாள். இறுதிப் பிரதி அவள் கணினியில்தான் இருந்தது. மறுநாள் காலை அது அப்படியே அச்சகத்துக்குப் போகும். திரையில் 'தங்கை' பக்கம். நாலாவது வரி. எனுரி, நட்சத்திரம் இல்லாமல். அறையில் வேறு யாரும் இல்லை. இந்தக் கணினியில் நட்சத்திரப் பொத்தான் உடையவும் இல்லை.

"போட்டுடு" என்றேன். "ஒரு தட்டு. யாரு பாக்கப் போறாங்க?"

விரலைப் பொத்தான் மேல் வைத்தாள். அழுத்தவில்லை. எனக்கு அவள் விரல் மேல் என் விரலை வைத்து அழுத்திவிடலாம் போல இருந்தது.

"முடியாதுடி" என்றாள்.

"ஏன்? பயமா?"

"நட்சத்திரம்னா யாரும் காதால கேக்கலன்னு அர்த்தம். நான் கேட்டேனே. பால் பொங்குதுன்னு அவ தங்கச்சியைக் கூப்பிட்டதை என் ரெண்டு காதாலயும் கேட்டேனே." கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "போடலன்னா அன்னைக்குச் செஞ்ச தப்பு. போட்டா இன்னைக்குப் பொய்." பிறகு அழுதாள். அந்த மனுஷி அழுது நான் பார்த்தது அம்மா போனபோது ஒரு தரம், இது ஒரு தரம். நான் கோபத்தில் நாற்காலியை உதைத்தேன். கால் வீங்கியதுதான் மிச்சம்.

புத்தகம் வந்தது. முன்னுரையின் முதல் பக்கத்தில் எனுரி. விழாவில் அக்காவுக்குச் சால்வையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள். அதற்கு முந்தின நாள் அவள் தனக்குத் தெரிந்த ஒரே வழியில் ஒரு காரியம் செய்திருந்தாள். 'தங்கை' அட்டையின் பின்பக்கத்தில் சிவப்பு மையால் நடந்ததை எழுதி, இடத்தில் வைத்துவிட்டாள். "என்னைக்காவது யாராவது அட்டையைத் திருப்பிப் பாப்பாங்க" என்றாள் என்னிடம்.

மூன்று மாதம் கழித்து அட்டைகளையெல்லாம் கணினியில் ஏற்ற ஆள் வந்தது. முன்பக்கத்தை மட்டும் படம் எடுத்தார்கள். பின்பக்கம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அட்டைகளைப் பெட்டியில் கட்டி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டார்கள். இதைக் கேட்டு அக்கா, "சரி" என்றாள். அந்த ஒரு 'சரி'யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேராக நிலையத்துக்குப் போனேன். ஒரு மாணவிக்கு ஓட்டுநர் உரிமம் விஷயமாக வந்தேன் என்று வாசலில் வாய்க்கு வந்ததைச் சொல்லி, படிக்குக் கீழே மண்டியிட்டுப் பெட்டிகளைப் பிரித்து, அந்த அட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். திருட்டுத்தான். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கட்டும்.

அதில் இருப்பது இது. ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

'இந்த மொழியில் தங்கைக்குத் தனிச்சொல் இருந்ததற்குச் சான்று இல்லை. தம்பிக்கும் தங்கைக்கும் சேர்த்து ஒரே சொல், தோமு. சொன்னவர் முடிதிருத்துபவர், வயது எழுபது. தான் மறந்திருக்கலாம் என்றும் அவர் சொன்னார். எனுரி நிலையத்தில் கணிக்கப்பட்ட சொல். நட்சத்திரம் போட மறந்தது நான். இப்போது அதை எல்லாரும் பேசுகிறார்கள். ஒரு தாய் அதைச் சொல்லிவிட்டு இறந்திருக்கிறாள். எனவே நட்சத்திரம் போட இனி யாருக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. இந்த இடம் காலியாக இருந்தது பிழை அல்ல.'